தம்பிமுத்து அண்ணையின் கார்

காரை விற்றுக் கொடுக்க வந்த செலீன் அனுப்பிய விளம்பரத்தை நாகமணி மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் கண்ணாடி போடாமல் வாசித்ததால் ஏதோ பிழையாக விளங்கிவிட்டது என்று நினைத்தாள். இரண்டாம் தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். மூன்றாம் தரம் மகள் துஷானியைக் கூப்பிட்டு, "பிள்ளை, இதைத் தமிழில ஒருக்காச் சொல்லு. நான் விளங்கினது சரியோ எண்டு பாப்பம்" என்றாள்.

துஷானி ஃபோனை வாங்கி வாசித்துச் சொல்லத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

விளம்பரம் இதுதான். 1966ஆம் ஆண்டு பியூக் ரிவியேரா, இரண்டு கதவுக் கூப்பே, கரும்பச்சை நிறம். முப்பது வருடமாக ஒரே உரிமையாளர். ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர் திரு. தம்பிமுத்து இதைத் தன் இரு கைகளாலும் பிள்ளை போலப் பார்த்து வந்தார். உப்புப் போட்ட பனிக்கால வீதியை ஒருநாளும் காணாத வண்டி. இருக்கைகள் தொழிற்சாலையில் தைத்தபடியே இருக்கின்றன. அருமை தெரிந்த சேகரிப்பாளர்களுக்கு நல்ல வாய்ப்பு. இவ்வளவோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்தக் காதலை முப்பது வருடம் பொறுமையோடு சகித்துக்கொண்ட அவருடைய மனைவிக்கும் நன்றி.

சகித்துக்கொண்டாளாம்!

அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? தம்பிமுத்து அந்தக் காரின் பொனற்றைத் திறந்ததை அவர்கள் இருக்கும் மல்வேர்னில் ஒரு குஞ்சு குருமான்கூடக் கண்டதில்லை. பொனற்றைத் திறக்கும் கொழுக்கி எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஒக்டோபர் கடைசியில் காரைக் கட்டையில் ஏற்றி, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, எலி புகாமல் புகைக்குழாய் வாயில் இரும்புத் தும்பை அடைத்து, ஏப்ரலில் நாலு மழை பெய்து வீதி உப்பெல்லாம் கழுவுப்பட்ட பிறகுதான் திரும்ப இறக்குவாள் நாகமணி. முப்பது பனிக்காலம் இப்படி. அந்த நேரமெல்லாம் தம்பிமுத்து சோபாவில் கால் நீட்டியிருந்து, "நாகமணி, கராஜ் கதவைச் சாத்து, குளிர் வருகுது" என்று சத்தம் போடுவார். பிள்ளை போலப் பார்த்தவர் அவர்தானாம்.

நாகமணிக்கு அறுபத்தேழு வயது. 1987இல் மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து புருஷனோடு ரொறன்ரோவுக்கு வந்தவள். தையல் தெரியும் என்பதால், வந்த மூன்றாம் மாதமே வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால் இருந்த கடையில் வேலை கிடைத்தது. ரெஸ்ரோரன்ற் கதிரைகளுக்கும் படகுகளுக்கும் கார் சீற்றுகளுக்கும் உறை தைக்கிற கடை. முதலாளி ஒரு கிரேக்கர். வைனில் தைப்பது சட்டை தைப்பது போல அல்ல. ஊசி முறியும், விரல் நகம் பிய்யும், ஒரு தரம் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான், பிரித்துத் தைக்க முடியாது. முதல் கிழமையே ஒன்பது ஊசி முறித்தாள். அடுத்த வருடத்திலிருந்து கார் சீற் வேலை வந்தால் முதலாளி வேறு ஒருவரிடமும் கொடுப்பதில்லை.

அந்த ரிவியேரா கடைக்கு வந்தது 1991இல். சீற்றெல்லாம் கிழிந்து பஞ்சு தெரிந்தது. கொண்டுவந்து விட்டவர் சீற் தைத்து முடிக்கும் முதலே இறந்துபோனார். அவருடைய மகன் வந்து பார்த்துவிட்டு, எனக்கு வேண்டாம், செய்த வேலைக்குப் பதிலாக நீயே வைத்துக்கொள் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கார் கடையின் பின்பக்கம் மூன்று வருடம் நின்றது. மெஷின்கள் காதைக் கிழிக்கிற அந்தக் கடையில் சத்தமில்லாத ஒரே இடம் அந்தக் காரின் உள்பக்கம்தான். நாகமணி மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய், தான் தைத்த முன் சீற்றில் இருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்தபின் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 1994இல் முதலாளிக்கு நெஞ்சு வருத்தம் வந்து கடையை மூடப்போகிறார் என்றதும், வேறு யாரும் கேட்கும் முதல் ஓடிப்போய் நான் வாங்குகிறேன் என்றாள். முழுக்க முழுக்க அவள் சம்பளக் காசு.

இங்கேதான் நாகமணி ஒரு பிழை விட்டாள். அந்தப் பிழையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

அவளுடைய ஊர்ப்பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். அப்படி வந்திருக்கிற மனிதனுக்கும் தன்னுடையது என்று சொல்ல ஏதாவது வேண்டாமா? ஆகவே சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ உழவு மெஷினோ, உருளுகிற சாமானெல்லாம் ஆணின் பெயரில் இருக்கும். வீடு அவளுக்கு, வண்டி அவனுக்கு. இதை ஒருவரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கையில் தானாக வரும். மல்வேர்ன் டவுன்ஹவுஸ் நாகமணியின் பெயரில் இருந்தது. காரைப் பதியப் போனபோது, யாருடைய பெயர் என்று கேட்டதும், அவள் ஒரு கணமும் யோசிக்காமல் தம்பிமுத்து என்றாள். அவர் கேட்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

கோயிலுக்குக் கொண்டுபோனபோதும் அதே கதைதான். யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்க, அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். எலுமிச்சம்பழத்துக்கு மேல் ரயரை ஏற்றியவரும் அவர்தான். கார் ஒரு உறுமு உறுமியதும் பயந்து பிறேக்கை மிதித்துவிட்டு இறங்கினார். அன்றைக்கு ஓட்டிய அந்த நாலு அடிதான் தம்பிமுத்து அந்தக் காரை ஓட்டிய முழுத் தூரமும். அதற்குப் பிறகு பக்கத்துச் சீற்தான் அவருக்கு.

ஆனால் பெயர் நின்றுவிட்டது. தம்பிமுத்து அண்ணையின் கார். ஸ்காபரோவில் கலியாணமென்றால் மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்ற அண்ணையின் காரைக் கேட்பார்கள். அண்ணை பெருந்தன்மையோடு தலையாட்டுவார். விடியப்புறம் எழும்பிக் கழுவி மினுக்கி, பட்டுச்சேலையோடு ஓட்டிக்கொண்டு போகிறவள் நாகமணி. மண்டப வாசலில் இறங்கினால், "என்னக்கா, அண்ணைக்குக் கால் ஏலாதோ? நீங்க ஓடிக்கொண்டு வாறீங்க?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "அவருக்கு முதுகு நோ" என்பாள். பொய்! முதுகுக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் இவளே சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இப்போது அதற்கும் சேர்த்துத்தான் வயிறு எரிந்தது.

காரை விற்பதென்று முடிவெடுத்தவள் நாகமணிதான். அதில் ஒருவர் மேலும் குறை இல்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்து காருக்குக் கீழே படுத்தால் எழும்ப முடிவதில்லை. டவுன்ஹவுஸை விட்டு டோர்செட் பார்க்கில் மகளுக்குக் கிட்ட ஒரு அப்பார்ட்மென்றுக்குப் போகப்போகிறார்கள். அங்கே கராஜும் இல்லை. கண்ட கண்டவர்களுக்குக் கொடுக்காமல், அருமை தெரிந்தவருக்குப் போகட்டும் என்று, பழைய கார்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுக் கொடுக்கும் செலீனைத் துஷானி தேடிப் பிடித்தாள். செலீன் வந்து படமெடுத்த அன்றைக்கு நாகமணிக்குக் கண் டொக்டரிடம் போகவேண்டியிருந்தது. வீட்டில் நின்றவர் தம்பிமுத்து. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் விற்ற வாய். இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்குமா?

"உங்களிட்ட ஒண்டு கேக்கிறன்," என்றாள் நாகமணி. ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இந்தக் கைகளாலதான் பாத்தனீங்களோ? எங்க, கையைக் காட்டுங்க பாப்பம்."

தம்பிமுத்து கையைக் காட்டவில்லை. "ஓனர் ஆர் எண்டு கேட்டாள். கடதாசியில இருக்கிற பேரைத்தானே நான் சொல்ல வேணும்?"

"ஒயில் மாத்தினது ஆர் எண்டு கேக்கேல்லையோ?"

"நாங்கள் எண்டுதான் சொன்னனான். அவள் என்ர பேரைப் போட்டு எழுதிப்போட்டாள்."

"சீற்?"

"அது…" தம்பிமுத்து மகளைப் பார்த்தார். "ஒரிஜினல் எண்டால்தான் நல்ல விலைக்குப் போகுமாம். அவள்தான் சொன்னவள். பாத்தால் ஒரிஜினல் மாதிரித்தானே கிடக்கு."

ஒரிஜினல் மாதிரி இருக்கிறதாம்! கிழிந்த உறைகளை நூல் நூலாகப் பிரித்து, அந்தத் துண்டுகளையே அச்சாக வைத்து வெட்டி, பழைய மடிப்புக்குப் புது மடிப்பு மயிரிழை பிசகாமல் வர வேண்டுமென்று இரண்டு மாதம் குனிந்திருந்து தைத்தவளின் வேலை, இப்போது ஏதோ ஒரு தொழிற்சாலையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருபக்கம் புருஷனுக்கு, மறுபக்கம் தொழிற்சாலைக்கு. நடுவில் நாகமணிக்கு என்ன மிச்சம்? பொறுமை.

"அம்மா, it's just an ad," என்றாள் துஷானி. "ஆர் இதை வாசிக்கப் போயினம்? அப்பா எண்டால் என்ன, நீங்கள் எண்டால் என்ன, எல்லாம் family தானே?"

"அப்ப என்ர பேரைப் போட்டிருக்கலாமே? எல்லாம் ஃபமிலிதானே?"



அடுத்த நாள் காலை நாகமணியே செலீனுக்கு ஃபோன் எடுத்தாள். அவளுடைய ஆங்கிலம் கடையில் பழகிய ஆங்கிலம். உடைந்தாலும் நேரே போகும். செலீன் நல்ல மாதிரித்தான் பேசினாள். விளம்பரத்தை எப்போதும் திருத்தலாம், அவசரமில்லை, சனிக்கிழமை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பக்கத்தை அச்சடித்துக் காரின் கோப்பில் முதலாவதாக வைப்பார்களாம். கார் எத்தனை கை மாறினாலும் அந்தக் கோப்பும் கூடவே போகுமாம். இன்னும் ஐம்பது வருடத்துக்குப் பிறகு வாங்குகிறவனும் அதைத்தான் முதலில் வாசிப்பானாம்.

நாகமணி ஃபோனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். தானும் தம்பிமுத்துவும் செத்து மண்ணாய்ப் போன பிறகும் அந்தக் கார் இருக்கும். தான் பார்த்த பார்வைக்கு நிச்சயம் இருக்கும். அதற்குள் இருக்கிற கடதாசி, இவள் சகித்துக்கொண்டிருந்தவள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பெற்றது, வீடு வாங்கினது, ஷிப்ட் அடித்தது எல்லாவற்றிலும் புருஷனுக்குப் பங்குண்டு, அவள் இல்லையென்று சொல்லமாட்டாள். இந்த ஒன்றில்தான் ஒருவருடைய கையும் படவில்லை. இந்த ஒன்றையுமா விட்டுக்கொடுப்பது?

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் மார்க்கம் நகரத்து ஆட்கள், நல்ல சப்பாத்தும் கையில் குறிப்புப் புத்தகமுமாக வந்தார்கள். மூன்றாமவர் பீற்றர்பரோவிலிருந்து தனியே வந்த எண்பது வயதுக் கிழவர். கார் வீட்டு முன்பாதையில் நின்று மினுங்கியது. தம்பிமுத்து மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி நின்றார். நாகமணி ரோல்ஸும் ரீயும் கொண்டுவர வேண்டுமென்று ஏற்பாடு. கொண்டுவந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

கிழவர் வந்ததும் வராததுமாக நிலத்தில் மல்லாக்கப் படுத்துக் காருக்குக் கீழே தலையை விட்டார். நாகமணிக்கு அந்த மனிதனை உடனே பிடித்துக்கொண்டது. வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு வருடத்தில் துருவே இல்லையே, அடிப்பக்கத்துக்கு என்ன பூசினீர்கள் என்று தம்பிமுத்துவிடம் கேட்டார்.

"நல்ல சாமான் பூசினோம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார் தம்பிமுத்து. "மிக மிக நல்ல சாமான்."

ஸ்ரார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார்கள். தம்பிமுத்து ஒருகணம் விழித்தார். பிறகு, கேளுங்கள் கூத்தை, நாகமணியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, "என் மனைவி ஸ்ரார்ட் பண்ணட்டும். அவளுக்கு அது விருப்பம்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். செலீன் ஒரு படமும் எடுத்தாள். நாகமணி தட்டைத் துஷானியிடம் கொடுத்துவிட்டுப் போய், பெடலை இரண்டு தரம் அமத்தி விட்டு, மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, திறப்பைத் திருப்பினாள். எஞ்ஜின் ஒரே பிடியில் எழும்பியது. சுவிட்சைப் போட்டதும் முன்னுக்கு மறைந்திருந்த விளக்குகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கி வந்தன. மார்க்கத்துக்காரர் ஒருவர் கை தட்டினார். தம்பிமுத்துவைப் பார்த்துத்தான் கை தட்டினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

பிறகு கிழவர் டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். முன் சீற்றின் மடிப்புகளை விரலால் தடவினார். ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். மெல்ல விசில் அடித்தார். "இது தொழிற்சாலைத் தையல்தான். இந்த இடைவெளியைப் பாருங்கள். இப்போது இப்படித் தைக்கக்கூடிய கை உலகத்தில் இல்லை," என்றார்.

"முழுக்க ஒரிஜினல்," என்றாள் செலீன்.

"ஓம், ஒரிஜினல்," என்றார் தம்பிமுத்து.

நாகமணிக்குள் அது அறுந்தது. "இல்லை," என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அதைத் தைத்தது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். துஷானி தாயின் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். "அம்மா, விலை குறைஞ்சுபோம். பேசாமல் இருங்கோ."

"விடு கையை!" நாகமணி கதவடிக்குப் போய்ப் பின் சீற்றின் உள்மூலையைக் காட்டினாள். "இங்க பாருங்க. இந்த மூலைக்கு வரேக்க கொண்டுவந்த நூல் முடிஞ்சுது. வேற கடையில வாங்கின நூல் இது. ஒரு நிறம் மங்கல். லைற்றை அடிச்சுப் பாருங்க." அவள் தமிழில் தொடங்கி எந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறினாளோ அவளுக்கே தெரியாது. "வெக்ஸ்போர்ட்டில் வைத்து, இந்த இரண்டு கையாலும் தைத்தேன். தொழிற்சாலை தைக்கவில்லை. இவரும் தைக்கவில்லை."

கிழவர் லைற்றை அடித்துப் பார்த்தார். மூக்கு சீற்றில் முட்டும்வரை குனிந்து பார்த்தார். மார்க்கத்துக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை படாத வண்டிக்குத்தான் அவர்கள் வந்தவர்கள். ரீயைக்கூட முடிக்காமல், மரியாதையாகச் செலீனிடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டார்கள். செலீனின் முகம் சிவந்துபோயிற்று.

கிழவர் போகவில்லை. சீற்றில் நன்றாகச் சாய்ந்திருந்துகொண்டு கேட்டார். "அந்த விளக்கு மோட்டார் யார் செய்தது?"

"நான்."

"காபரேற்றர்?"

"நான். மூன்று தரம்."

"அடிப்பக்கம்?"

"நான்தான். வருடா வருடம்."

கிழவர் தம்பிமுத்துவின் பக்கம் தலையைத் திருப்பினார். "அப்படியென்றால் நீங்கள் என்ன செய்தீர்கள், ஐயா?"

தம்பிமுத்து கோட்டுப் பொத்தானைத் திருகினார். "இன்சூரன்ஸ்," என்றார்.

அது மட்டும் உண்மை. துஷானி வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

கிழவர் வளைத்துப் பேசவில்லை. தொழிற்சாலைச் சீற் என்று நினைத்துக் கொடுக்க வந்த விலையைக் கொடுக்க மாட்டேன், ஆனால் குறைத்தால் நானே வாங்குகிறேன் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். அந்தக் கோப்பில் இருக்கிற கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு, செய்த வேலை ஒவ்வொன்றையும் செய்தவள் எழுத வேண்டும், அதைத்தான் உரிமையாளரின் கூற்றாக வைப்பேன் என்றார். செலீன் தயங்கினாள். எழுதலாம், ஆனால் அரசாங்கக் கடதாசியில் உரிமையாளர் திரு. தம்பிமுத்து, கோப்பும் கடதாசியும் ஒத்துப்போக வேண்டும் என்றாள். வேண்டுமானால் உரிமையாளரின் மனைவி பராமரித்தார் என்று போடலாம் என்றாள்.

"உரிமையாளரின் மனைவி," என்று நாகமணி திருப்பிச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் தம்பிமுத்து ஒரு அடி பின்னுக்கு வைத்தார். "எனக்கு ஒரு கிழமை தாருங்கள்," என்று கிழவரிடம் கேட்டாள். அவர் அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஆட்கள் போனதும் தம்பிமுத்து கோட்டைக் கழற்றிச் சோபாவில் எறிந்தார். "நாலு பேருக்கு முன்னால என்னை நாறடிச்சுப்போட்டாய். முப்பது வருசம் சனம் என்னை அந்தக் காரோடதான் அறிஞ்சது. இப்ப நான் பொய்க்காரனே?"

"நான் நாறடிச்சனோ? முப்பது வருசம் நான்தான் மூடி வைச்சனான். உங்களுக்கு முதுகு நோ எண்டு எத்தினை மண்டப வாசல்ல பொய் சொன்னனான் தெரியுமோ?"

"பேரை எழுதினது நீதானே? நான் கேட்டனானோ?"

அது குத்தியது. அதில் நியாயம் இருந்ததால்தான் குத்தியது. "ஓம். நீங்க கேக்கேல்ல. நான்தான் எழுதினன். என்ர புத்தியைச் செருப்பால அடிக்க வேணும். ஆனால் ஒருநாள், ஒரே ஒருநாள், இது உன்ர காரடி எண்டு நீங்க சொன்னதில்லை. திங்கட்கிழமை லைசென்ஸ் ஒஃபிசுக்கு வாறீங்க. என்ர பேருக்கு மாத்துறீங்க."

"ஒரு கிழமைக்கோ? பிறகு விக்கத்தானே போறாய்?"

"ஒரு மணித்தியாலத்துக்கு எண்டாலும் மாத்துறீங்க."

திங்கட்கிழமை போனார்கள். நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவள் தமிழ்ப்பிள்ளை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அனோஜா என்று இருந்தது. கடதாசிகளைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அங்கிள் அன்ரிக்கு classic car குடுக்கிறாரோ? Aww, so sweet!" ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். "Husband, wife எண்டபடியால் சுகம். Gift எண்டு இதில sign வைச்சால் சரி. வரியும் இல்லை."

தம்பிமுத்துவுக்கு உயிர் வந்தது. பேனையை எடுத்தார். நாகமணி படிவத்தை இழுத்து வாசித்தாள். கொடுப்பவர் பெயர். பெறுபவர் பெயர். இந்த வாகனம் அன்பளிப்பாக வழங்கப்படுகிறது என்று சத்தியம் செய்கிறேன்.

கடை முதலாளிக்குத் தன் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிய கார். தைத்த கார். கழுவிய, பூசிய, கழற்றிப் பூட்டிய கார். அதைத் தம்பிமுத்து அவளுக்கு அன்பாகத் தருகிறார் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். நாகமணி பேனைக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் படிவத்தை மூடினாள்.

"இது கிஃப்ட் இல்லை, பிள்ளை."

"சும்மா ஒரு form தான் அன்ரி. எல்லாரும் இப்படித்தான் செய்யிறவை."

"நாகமணி," என்றார் தம்பிமுத்து, தணிந்த குரலில். "வைக்க விடு. ஆர் பாக்கப் போயினம்?"

"நான் பாப்பன். என்ர சாமானை எனக்குத் தானம் தர நீங்க ஆர்?" அவள் அனோஜாவைப் பார்த்தாள். "கிஃப்ட் இல்லாட்டி வேற என்ன வழி இருக்கு?"

"வித்ததெண்டு போடலாம். ஆனால் வரி கட்ட வேணும், அன்ரி. எவ்வளவுக்கு வித்ததெண்டு போட்டாலும், நீங்க கொண்டுவந்த இந்த மதிப்பீட்டுக் கடிதத்தில இருக்கிற விலைக்குத்தான் வரி." அனோஜா கணக்குப் போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். நாலாயிரம் டொலருக்கு மேலே வந்தது.

"விசரே உனக்கு!" தம்பிமுத்து தன்னை மறந்து கத்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா வாற சாமானுக்கு நாலாயிரமோ?"

"சும்மா வந்தது உங்களுக்கு," என்றாள் நாகமணி. "எனக்குச் சும்மா வரேல்ல. முதல் தரமும் காசு குடுத்துத்தான் வாங்கினன். இந்தத் தரமும் காசு குடுத்துத்தான் வாங்குறன்." கைப்பையைத் திறந்து ஒரு டொலர் நாணயக் குத்தியை எடுத்துக் கவுண்டரில் அவருக்கு முன்னால் வைத்தாள். "விலை ஒரு டொலர் எண்டு போடு, பிள்ளை. முப்பது வருசம் பேரை வைச்சிருந்ததுக்கு இவருக்கு அது காணும்."

தம்பிமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். விற்பவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். நாகமணி வாங்குபவர் என்ற இடத்தில் வைத்தாள். தன்னுடைய பாங்க் கார்ட்டைப் போட்டு வரியைக் கட்டினாள். அந்தக் காசுக்கு என்னென்ன செய்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. புது வீட்டுக்குக் கட்டில் வாங்கியிருக்கலாம். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்திருக்கலாம். கட்டினாள்.

மெஷின் கடதாசியைத் துப்பியது. அனோஜா அதைக் கிழித்துக் கொடுத்தாள். "பேர் சரியோ எண்டு பாருங்கோ அன்ரி."

நாகமணி கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"கங்கிராட்ஸ்!" என்றாள் அனோஜா. கம்பியூட்டரை எட்டிப் பார்த்து, "உங்கட பேரில இதுதான் முதல் கார் எண்டு காட்டுது."

"காட்டும், பிள்ளை. வாற சனிக்கிழமை இதை விக்கப்போறன்."

அனோஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஐயோ, அப்ப ஏன் அன்ரி இவ்வளவு காசு கட்டினனீங்கள்?"

"விக்கிறது நானெண்டு எழுத," என்றாள் நாகமணி. கடதாசியை நாலாக மடிக்காமல், கசங்காமல், அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். அனோஜா அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். தம்பிமுத்து கவுண்டரில் கிடந்த ஒரு டொலரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்.